பாட்டுக்கு அடியில் கிடந்த இரைச்சல்: பழைய மேசைக் கணினி ஒன்றுக்கு விசிறி மாற்றிய நிகழ்வு ஆய்வு

முள்ளியவளையில் எனக்குக் கணிதம் படிப்பித்த சேர், பென்சன் எடுத்த பிறகு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார். கோவலன் கூத்துப் பாடல்களைப் பாடத் தெரிந்தவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து, ஒவ்வொன்றாக ஒலிப்பதிவு செய்து கணினியில் சேர்த்து வைக்கிறார். கண்ணகி வழிபாட்டோடு பின்னிக் கிடக்கும் இந்தக் கூத்து முல்லைத்தீவு மண்ணின் சொத்து. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற குடும்பங்களில் இதில் நாலு வரி முணுமுணுக்கக்கூடிய ஒரு பெரியவராவது இருப்பார், ஆனால் முழுப் பாட்டையும் தாளம் பிசகாமல் பாடக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். சேர் தேடிப் பிடித்த, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு 78 வயது. எழுதி வைத்த கொப்பிகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன, அவருடைய நெஞ்சில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

போன வைகாசியில் சேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, ஐயா பாடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா திருப்பிப் போட்டுக் கேட்டா அடியில ஆரோ சுளகில அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். கொம்பியூட்டர்தான் எண்டு நினைக்கிறன். ஒருக்கா வந்து பாரும்."

போய் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். அண்ணாவியாருக்கு ஒரு பழக்கம், வரியின் கடைசி அசையைச் சட்டென்று விடமாட்டார், அதை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு போய் மூச்சோடு மூச்சாகக் கரைத்துவிடுவார். அந்தக் கரைகிற இடம்தான் அவருடைய பாட்டின் உயிர். சரியாக அந்த இடத்தில் இரைச்சல் மேலே ஏறிவந்து குரலை மூடிக்கொண்டது. சேர் ஒடாசிட்டி மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்திருக்கிறார், இரைச்சல் போனதோடு அந்தக் கடைசி அசையும் போய்விட்டது, மிஞ்சிய குரல் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போலக் கேட்டது. மென்மையான குரலும் மென்மையான இரைச்சலும் ஒரே உயரத்தில் கிடந்தால் மென்பொருளுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அதனால் இரைச்சலைப் பிறக்கிற இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தோம்.

தொலைபேசியில் பதிவு செய்யலாமே என்று யாரும் கேட்கலாம். சேர் குரலுக்கு ஒரு மைக், மத்தளத்துக்கு ஒரு மைக் என்று இரண்டு தடத்தில் பதிகிறார். ஒரு வரி பிசகினால் உடனே போட்டுக் காட்டி, ஐயாவை அந்த இடத்திலிருந்து திரும்பப் பாட வைக்கிறார். அதற்குக் கணினி வேண்டும்.

பெட்டியைத் திறக்க முதல்

கணினி கடையில் பொருத்தி வாங்கியது. 2012 இல் வந்த ஐ5-3470 புரொசெசர், அதன் சூட்டைத் தணிக்க அதோடு வந்த விசிறி பூட்டிய கூலர், மலிவான கேசிங், அதன் பின்பக்கம் 80 மில்லிமீற்றர் விசிறி ஒன்று, நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை. இவ்வளவில் சத்தம் போடக்கூடியவை நாலு. எது என்று தெரியாமல் விசிறி வாங்கப் போவது, காய்ச்சலா வயிற்றுக்குத்தா என்று கேட்காமல் மருந்து வாங்குவது போன்றது. இந்தப் பிழையைத்தான் கணினி திருத்த என்னிடம் வருபவர்களில் அரைவாசிப் பேர் செய்துவிட்டு வருகிறார்கள், கையில் ஏற்கனவே ஒரு புது விசிறியோடு.

முதலில் எந்தச் சாமானும் இல்லாமல் ஒரு சோதனை. பக்கத் தகட்டைக் கழற்றி, கணினியை ஓட விட்டு, பென்சிலின் அழிறப்பர் முனையை விசிறியின் நடுக் குமிழில் மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று வினாடி நிறுத்திப் பார்த்தேன். இதழில் கை வைக்கக் கூடாது, நடுவில்தான் வைக்க வேண்டும். கூலர் விசிறியை நிறுத்தியபோது காற்றுச் சத்தம் குறைந்தது, ஆனால் அரிசி புடைக்கிற சத்தம் அப்படியே இருந்தது. பின் விசிறியை நிறுத்தியதும் அறை சட்டென்று ஆறியது. சேர் கதிரையில் இருந்து எழும்பி வந்து, "அதுதான்! அதுதான்!" என்றார்.

சரி, அது என்ன வேகத்தில் ஓடுகிறது? அந்த விசிறிக்கு இரண்டே கம்பி, பவர் சப்ளையின் மொலெக்ஸ் முனையில் நேராகக் கொழுவப்பட்டிருந்தது. அதாவது எப்போதும் 12 வோல்ற், எப்போதும் முழு வேகம், கணினி சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் ஒரே ஓட்டம். வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி இல்லாததால், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயோஸ் திரையில் பார்க்கவும் வழியில்லை. ஆனால் சேரிடம் மைக் இருக்கிறதே. யாரும் பாடாத வெறும் அறையை ஒரு நிமிடம் பதிந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படத்தை ஒடாசிட்டியில் போட்டோம். 290 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 290 அதிர்வில், பனை மாதிரி ஒரு முனை நின்றது. விசிறிக்கு ஏழு இதழ். ஒவ்வொரு இதழும் விசிறியின் குறுக்குச் சட்டத்தைக் கடக்கும்போது ஒரு அடி, ஆக ஒரு சுற்றுக்கு ஏழு அடி. 290 ஐ 7 ஆல் பிரித்து 60 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,490 சுற்று. கணித சேருக்கு இது பிடித்துப்போய்விட்டது, கொப்பி எடுத்து எழுதினார்.

படத்தில் இன்னொரு சின்ன முனையும் இருந்தது, 120 ஹேர்ட்ஸில். 7,200 ஐ 60 ஆல் பிரித்தால் 120, ஆக அது ஹார்ட் டிஸ்க். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புழுதி

பெட்டிக்குள் இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சேரின் வீடு ஏ34 வீதியில் இருந்து உள்ளே இறங்கும் கிறவல் ஒழுங்கையில் இருக்கிறது. சோளகக் காற்று தொடங்கினால் ஒரு மோட்டார் சைக்கிள் போனாலே போதும், செம்புழுதி எழும்பி யன்னலுக்குள் வந்து உட்காரும். கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு மேல் அந்தப் புழுதி கம்பளிபோலத் தடித்திருந்தது, விரலால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் முழுத் துண்டாகக் கழன்று வந்தது. செந்நிறம், நடுவில் பூனை மயிர், ஒரு பல்லி முட்டைக் கோது.

இது வெறும் அழுக்கு விடயம் இல்லை, சத்தத்தின் பாதிக் காரணம் இது. காற்று தகட்டுக்குள் போகாவிட்டால் புரொசெசர் சூடாகும், சூடானால் மதர்போர்ட் கூலர் விசிறியை வேகமாகச் சுற்றும். நான் போன நேரம் பின்னேரம், அறை 33 பாகை. புரொசெசர் சும்மா இருக்கும்போதே 58 பாகை, ஒலிக்கோப்பை மாற்றி எழுதும்போது 86, கூலர் விசிறி 2,600 சுற்று. பெயின்ற் பிறஷ்ஷாலும் ஊதுகுழலாலும் துடைத்து, புரொசெசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுப்பசை பூசினேன். ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் கண்டபாட்டுக்குச் சுற்றவிட்டால் அதன் பெயரிங் கெடும். முடித்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போது 46, வேலையில் 68, விசிறி 1,500 க்கு இறங்கிவிட்டது. அந்த விசிறியை மாற்றவே தேவையில்லாமல் போயிற்று. பசைக் குழாய் ஒன்றும் ஒரு மணித்தியாலமும்தான் செலவு.

ஆகவே புது விசிறி தேடுகிற எவருக்கும் நான் முதல் சொல்வது இதுதான்: துடைத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

எண்ணெயும் முதல் விசிறியும்

பின் விசிறிக்குத் துடைப்பது உதவவில்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளை உரித்து, றப்பர் மூடியைக் கிளப்பி, தையல் மெசின் எண்ணெய் மூன்று துளி விட்டேன். சத்தம் நின்றது. ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் சேர் மறுபடி எடுத்தார்.

ஏன் என்றால், மலிவான விசிறிகளில் இருப்பது சாதாரணக் குழல் பெயரிங். ஒரு உலோகக் குழலுக்குள் இரும்புத் தண்டு, இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான். வெக்கையில் எண்ணெய் மெல்ல மெல்ல ஆவியாகும், இடைவெளியால் புழுதி போகும், குழல் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகும். அதற்குப் பிறகு எண்ணெய் விடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான். தேங்காய் எண்ணெய் விடும் ஆட்களையும் கண்டிருக்கிறேன், தயவு செய்து வேண்டாம், கொஞ்ச நாளில் அது பசையாகி விசிறியை அடியோடு நிறுத்திவிடும்.

அதற்கிடையில் சேரே பட்டணத்துக்குப் போய் ஒரு விசிறி வாங்கி வந்துவிட்டார். 80 மில்லிமீற்றர், நீல வெளிச்சம், பெட்டியில் "சத்தமற்றது, 18 டெசிபல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எந்தக் கடை, எந்தப் பெயர் என்பது இங்கே தேவையில்லை, இந்த மாதிரிப் பெட்டி எங்கும் கிடைக்கிறது. பூட்டினோம். அரிசி புடைக்கும் சத்தம் போய், கொசு இரைகிற மாதிரி மெல்லிய கூர்மையான சத்தம் ஒன்று வந்தது. மைக்கில் அது முன்னதைவிட மோசம், ஏனென்றால் மனிதக் குரலின் தெளிவு இருக்கிற இடத்திலேயே அது விழுந்தது.

சேருக்கு மனவருத்தம். பென்சன் காசில் வாங்கியது. அவருக்கு நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுவது அவர் பிழை இல்லை. டெசிபல் என்று ஒரு எண் மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள், எந்த வேகத்தில் ஓடும்போது அளந்தார்கள், வெறும் காற்றில் தொங்கவிட்டா கேசிங்குக்குள் பூட்டியா என்று தெரிய வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும், ஆக எட்டி நின்று அளந்தால் எந்த விசிறிக்கும் நல்ல எண் வரும். பெட்டியில் வேகமே எழுதாமல் டெசிபல் மட்டும் எழுதியிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடலாம். இன்னொன்று, அந்த எண் சத்தத்தின் அளவைத்தான் சொல்லும், குணத்தைச் சொல்லாது. ஒரே அளவில் தென்னோலைக் காற்று மாதிரியும் கேட்கலாம், ஊசி குத்துவது மாதிரியும் கேட்கலாம். முதலாவதோடு மனிதர் நித்திரை கொள்வார்கள்.

எதைப் பார்த்துத் தேர்ந்தோம்

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. சேரின் மேசையில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்துத்தான் முடிவெடுத்தோம், இடையில் இரண்டு தரம் தேத்தண்ணி வந்தது.

முதலில் அளவு. சத்தத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய விடயம் என்பது என் எண்ணம். பெரிய விசிறி ஒரு சுற்றில் கூடக் காற்றைத் தள்ளும், ஆகவே அதே காற்றுக்கு அது ஆறுதலாகச் சுற்றினால் போதும். ஒரே விசிறியில் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் விழும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தெரியும் என்பதை வைத்துப் பார்த்தால் 15 எவ்வளவு என்று புரியும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சத்தத்தில் அள்ளிக்கொண்டு வரலாம்.

கேசிங்கின் பின் தகட்டில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். ஆணி ஓட்டைகள் இரண்டு வரிசை இருந்தன, நடுவிலிருந்து நடுவுக்கு ஒன்று 71.5 மில்லிமீற்றர், மற்றது 82.5. முதலாவது 80 விசிறிக்கு, இரண்டாவது 92 க்கு. கடையில் 80 ஐப் போட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள், 92 க்கு இடம் சும்மா கிடந்தது. விசிறியின் அளவு என்பது சட்டத்தின் வெளி அகலம், ஓட்டைகளுக்கு இடையில் உள்ள தூரம் அல்ல. இதைக் குழப்பி, 105 மில்லிமீற்றர் அளந்துவிட்டு "105 விசிறி இருக்கா" என்று கடையில் கேட்டவர்கள் உண்டு, அது 120 விசிறியின் ஓட்டைத் தூரம். தடிப்பு வழமையாக 25 மில்லிமீற்றர், அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகரத்தை வெட்டி 120 போடுவோமா என்று சேர் கேட்டார். ஒட்டு வேலை செய்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், வெட்டலாம். ஆனால் மேலே பவர் சப்ளை, கீழே மேலதிக காட்கள் பூட்டும் ஓட்டைகள், நடுவில் 120 க்கு இடம் காணாது. விட்டுவிட்டோம்.

அடுத்தது பெயரிங். இரட்டைக் குண்டு பெயரிங் வெக்கைக்கு நன்றாகத் தாங்கும், ஆனால் மெதுவாகச் சுற்றும்போது ஒரு மெல்லிய உருளல் சத்தம் இருக்கும், ஒலிப்பதிவு அறைக்கு அது சரிவராது. எண்ணெயை உள்ளேயே அடைத்து வைத்து, எண்ணெயின் அழுத்தத்திலேயே தண்டைத் தாங்கும் வகை ஒன்று இருக்கிறது, அமைதிக்கும் ஆயுளுக்கும் அதுதான். விலை கூட. எங்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் குழல் பெயரிங்கில் மிச்சம் பிடிப்பது மிச்சம் இல்லை என்பதைச் சேரின் பழைய விசிறியே காட்டிவிட்டது.

அப்புறம் கம்பி. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இரண்டு கம்பி விசிறிக்கு ஓடத்தான் தெரியும். மூன்று கம்பியில் மூன்றாவது, விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பித் தன் வேகத்தைச் சொல்லும், வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மதர்போர்ட் வோல்ற்றேஜைக் குறைக்க வேண்டும். நாலு கம்பியில் நாலாவது கட்டளைக் கம்பி, 12 வோல்ற் அப்படியே இருக்க, மதர்போர்ட் வினாடிக்கு 25,000 தடவை துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்லும், பி.டபிள்யூ.எம். என்பது இதுதான். நாலு கம்பி விசிறியை மூன்று கம்பி முனையில் கொழுவலாம், அதேபோல மறுபக்கமும் கொழுவலாம், ஓடும். ஆனால் மூன்று கம்பி விசிறியை நாலு கம்பி முனையில் கொழுவினால், அந்த போர்ட்டுக்கு வோல்ற்றேஜைக் குறைக்கத் தெரியாவிட்டால், அது முழு வேகத்தில்தான் கத்தும். சில பிராண்ட் கணினிகளில் முனையின் வடிவமும் கம்பி ஒழுங்கும் வேறு, அதில் சாதாரண விசிறியை மாற்றிக் கொழுவ முதல் அந்த மொடலுக்குரிய வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

சேரின் போர்ட்டில் கூலருக்கு நாலு கம்பி முனை, பின் விசிறிக்கு மூன்று கம்பி முனை. பயோஸைத் திறந்து பார்த்தால் பின் விசிறி முனைக்கு வேகக் கட்டுப்பாடே இல்லை. சரி, நாலு கம்பி விசிறி எடுத்து, ஒரு இரட்டைக் கிளை வயரால் கூலர் விசிறியோடு சேர்த்து ஒரே முனையில் விடுவோம் என்று முடிவாயிற்று. முனை தாங்கும் மின்னோட்டம் பொதுவாக 1 அம்பியர், நல்ல 92 விசிறி ஒன்று 0.1 அம்பியர்தான் எடுக்கும், பயமில்லை. மொலெக்ஸின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் கொழுவி 7 வோல்ற் எடுக்கும் பழைய வித்தையையும் சேருக்குச் சொன்னேன், ஆனால் ஒரு வயர் மாறினாலும் பவர் சப்ளை போய்விடும், 5 வோல்ற் வழியில் மின்னைத் திருப்பித் தள்ளுவதும் நல்லதில்லை. கிளை வயர் கிடைக்கும்போது அது வேண்டாம்.

கடைசியாக வெக்கை. விசிறிகளைப் பற்றி வெளிநாட்டார் எழுதுவது 20, 22 பாகை அறையில் சோதித்து. எங்கள் அறை 33. அறை எத்தனை பாகை ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை பாகை புரொசெசரும் ஏறும். அவர்கள் 55 என்று எழுதியிருந்தால் நாங்கள் 66 என்று வாசிக்க வேண்டும். ஆகவே முழு வேகமே மிகக் குறைந்த ஒரு விசிறியை எடுத்தால் சித்திரை, வைகாசியில் கைகொடுக்காது. வேகம் மேலே போகக்கூடியதாகவும், தேவையில்லாத நேரம் நன்றாக இறங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நாலு கம்பியைத் தேடியதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவையும் வைத்துத் தேடியதில் நொக்டுவாவின் என்.எஃப்-ஏ9 பி.டபிள்யூ.எம். சரிவந்தது. ஒஸ்திரியக் கம்பனி, 92 மில்லிமீற்றர், உச்சம் 2,000 சுற்று, அப்போது 22.8 டெசிபல், மணிக்கு 78.9 கனமீற்றர் காற்று. பெட்டிக்குள்ளேயே வேகம் குறைக்கும் சிறு வயர் ஒன்று வரும், அதைப் போட்டால் 1,550 சுற்றும் 16.3 டெசிபலும். கிளை வயரும் றப்பர் ஆணிகளும் உள்ளேயே இருக்கும், உத்தரவாதம் ஆறு வருடம். விலை? சேர் முதல் வாங்கியதைவிடப் பல மடங்கு. அதை நான் மறைக்கவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளையின் கணினிக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டேன், ஆர்க்டிக் போன்ற கம்பனிகளின் விலை குறைந்த நாலு கம்பி விசிறி ஒன்று தாராளமாகப் போதும். மைக் வைக்கிற அறைக்கு இது பெறுமதி என்று நினைத்தேன், சேரும் ஓம் என்றார்.

கடையில் நேரே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 9 வோல்ற் பற்றரி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். விசிறியின் கறுப்பு வயரையும் 12 வோல்ற் வயரையும் அதில் தொட்டால் அது ஓடும். பரந்தன் வீதி மாதிரி பஸ் இரைகிற இடத்தில் காதால் கேட்டு ஒன்றும் விளங்காது, அதனால் சட்டத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நல்ல விசிறி விரலில் அமைதியாக இருக்கும். கெட்டது கூசும். அப்படியே சாய்த்து, கவிழ்த்து, நிமிர்த்திப் பாருங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் மாறினால் அதன் தண்டு ஆடுகிறது.

பூட்டிய நாள்

விசிறி கொழும்பில் இருந்து வந்தது. பழையதைக் கழற்றியபோதுதான் பின் தகட்டை வடிவாகப் பார்த்தேன். காற்று வெளியே போகிற இடம் ஒரு திறந்த வட்டம் இல்லை, தகரத்தில் குத்திய சின்னச் சின்ன ஓட்டைகள், பாதிக்கு மேல் தகரம். இதழ் தள்ளுகிற காற்று அதில் முட்டி உடைந்து தானே ஒரு இரைச்சலைக் கிளப்பும். போர்ட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தகரம் வெட்டும் கத்தரியால் அந்த வட்டத்தை வெட்டி எடுத்தேன், ஓரத்தை அரத்தால் மழுப்பினேன், வெளிப்பக்கம் மெல்லிய கம்பி வளையக் காப்பு ஒன்றைப் பூட்டினேன். போர்ட்டை எடுக்காமல் வெட்டக் கூடாது, ஒரு இரும்புத் தூள் போதும் எல்லாவற்றையும் முடிக்க. காப்பு இல்லாமல் விடவும் கூடாது, எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு வெதுவெதுப்பான இடம் என்றால் அவ்வளவு விருப்பம்.

விசிறியில் தாள் ஒட்டிய பக்கம், குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கம், அதால்தான் காற்று வெளியே வரும். ஆகவே அந்தப் பக்கம் கேசிங்குக்கு வெளியே பார்க்க வேண்டும். இரும்பு ஆணிக்குப் பதிலாக றப்பர் ஆணிகளைப் போட்டோம். அதன் வாலை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கத்தால் குறட்டால் மெதுவாக இழுக்க வேண்டும், கழுத்து நுழைந்ததும் "ப்ளக்" என்று உட்காரும். விசிறி தகரத்தைத் தொடாமல் றப்பரில் தொங்கும். சேர் ஒவ்வொன்றையும் தானே இழுத்துப் பூட்டினார்.

பயோஸில் கீழ் எல்லையைச் சும்மா இருக்கும்போது 900 சுற்றுக்குக் கிட்ட வரும்படி வைத்தேன். பவர் சப்ளையின் விசிறியைத் தொடவில்லை. அது நல்லாக ஓடுகிறது, அதோடு பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும், பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது.

திரும்ப வெறும் அறையைப் பதிந்தோம். அதே மைக், அதே கதிரை, அதே அளவு. 290 இல் நின்ற பனை காணாமல் போயிருந்தது. மொத்த இரைச்சல் 11 டெசிபல் குறைவு. இப்போது 120 ஹேர்ட்ஸ் முனை மட்டும் தனியாகத் தெரிந்தது, முன்பு பெரியது மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு சத்தத்தை எடுத்தால் அடுத்தது தலை காட்டும், இதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்து, ஆணியை இறுக்காமல் ஆனால் ஆடாமல் பூட்டினேன். டிஸ்க்கை அடியோடு தளரவிட்டால் அது தன் ஆட்டத்தில் தானே கெடும். இன்னும் 2 டெசிபல் போயிற்று. பிறகு, காசே செலவில்லாத ஒன்று: கணினியை மேசைக்கு மேலிருந்து கீழே இறக்கி, ஐயா பாடும் பாயில் இருந்து தூரத் தள்ளி, மைக்கின் முதுகு கணினியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். சேரிடம் இருக்கிற வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் காது குறைவு. இதை முதலே செய்திருந்தால் முதல் நாளே பாதி ஆறுதல் கிடைத்திருக்கும்.

ஐயா வந்த இரவு

அடுத்த சனி இரவு அண்ணாவியாரைக் கூட்டிவந்தார்கள். அவருக்கு இந்த விசிறிக் கதை எதுவும் தெரியாது. பாயில் இருந்து, தொண்டையைச் செருமி, "ஏன் பெட்டியை நிப்பாட்டிப் போட்டியள், பதியேல்லையோ?" என்று கேட்டார். சேர் திரையில் ஓடுகிற கோட்டைக் காட்டினார். ஐயா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாடினார். திருப்பிப் போட்டபோது அந்தக் கடைசி அசை கரைந்து முடிகிற இடம் வரைக்கும் கேட்டது, அதற்குப் பிறகு அவர் மூச்சு இழுப்பது, தாளத்தை மடியில் வைப்பது, தூரத்தில் ஒரு ஆட்காட்டி கத்துவது எல்லாம் கேட்டது.

ஆறு மாதம் கழித்து, வாடை தொடங்கி மழை பெய்துகொண்டிருந்த நாளில் திறந்து பார்த்தேன். புழுதி கொஞ்சம், விசிறியின் இதழ் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். பெயரிங்கில் மாற்றம் இல்லை, விரலால் சுண்டிவிட்டால் நீண்ட நேரம் சுற்றி ஆறுதலாக நிற்கிறது. சும்மா இருக்கும்போது 41 பாகை, அறை அன்று 27. சேரிடம் அதுவரை 43 பாடல்கள் சேர்ந்திருந்தன. சோளகம் தொடங்க முதல் சித்திரையில் ஒரு தரம் வந்து துடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.